அடைக்கலம் எத்தனை ஆண்டுக்கு?

அடைக்கலம் என்பது தமிழில் ஓர் அறத்தின் பெயர். சிலப்பதிகாரம் ஒரு காதைக்கே அப்பெயரைச் சூட்டியிருக்கிறது. புகாரினின்று வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கிறார். மாதரி என்ன செய்தாள்? தனியே ஒரு மனை தந்தாள். அடிசிலுக்கு வேண்டும் பொருள்களைத் தந்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைத்தாள். கண்ணகி அம்மனையின் தலைவியாக நின்று கணவனுக்கு அமுது படைத்தாள். அடைக்கலமாக வந்தவளைக் காக்க இயலாது போனதறிந்த அம்முதுமகள் தீப்புகுந்து மாண்டாள் என்றும் இளங்கோவடிகள் நமக்குச் சொல்கிறார். அடைக்கலம் தருதல் எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்தச் சொல் இன்று நம் நாட்டிற் படும் பாட்டைப் பற்றித்தான் இங்கே பேச விழைகின்றோம்.

1983 ஜூலையில் இலங்கையிலே தமிழர்மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட கொடுமையை அடுத்து, பாக்கு நீரிணையைப் படகிற் கடந்து நம் கரைக்கு வரத் தொடங்கியவர்கள், பல அலைகளாக, மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் 1995க்குள் அரசின் ஏற்பாட்டிலேயே திரும்பிச் சென்றனர். வேறு நாடு தேடிப் போனவரும் உண்டு. எஞ்சியோர் எத்தனை பேர்? 2021இல் தமிழக அரசு தந்த கணக்கின்படி, 108 முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோர். காவல் நிலையங்களிற் பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்ந்தோர் 34,000க்கும் மேற்பட்டோர். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் திருச்சிக் கொட்டப்பட்டிலும் பவானிசாகரிலும் குழந்தைகளாக இறங்கியவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டனர். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. குடியுரிமை மட்டும் வந்தபாடில்லை.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. உதவித்தொகை உண்டு, அரிசி உண்டு, பள்ளி உண்டு. 2021இல் தமிழக அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றவும் செய்தது. நன்று. ஆயினும் பெயர் மாறியதனால் நிலை மாறிவிடுமோ? அம்முகாமிற் பிறந்து, நம் பள்ளியிற் பயின்று, நம் கல்லூரியிற் பட்டமும் பெற்ற இளைஞன் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. வாக்குச் சீட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லை. சோறு கொடுத்தோம், நிற்க நிலையான இடம் கொடுத்தோமில்லை.

இதற்குக் காரணம் சட்டமே. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொடக்கத்திற் பெருந்தன்மையுடையதாகவே இருந்தது. இம்மண்ணிற் பிறந்தோர் இந்நாட்டுக் குடிமக்கள் என்றது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் முதல், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருத்தலும் ஆகாது என்றாயிற்று. உரிய ஆவணமின்றி வந்தவர் யாவரும் சட்டவிரோதக் குடியேறிகளே என்பதும், அத்தகையோர் பதிவின் மூலமோ நீண்டகால வாசத்தின் மூலமோ குடியுரிமை பெற இயலாது என்பதும் இன்றைய சட்டம். வீடு பற்றி எரியும்போது படகேறியவன், கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டா வருவான்?

2019இல் அச்சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு அக்குற்றப்பெயர் நீங்கியது. பதினோராண்டு வாசம் ஐந்தாண்டாகக் குறைந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. அண்டை நாட்டில் துன்புற்று வந்தோருக்கு இரங்குவதே நோக்கமெனின், பதினெட்டு மைல் கடலுக்கு அப்பாலுள்ள நாடு அண்டை நாடாகாதோ? 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை இங்கு தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், ஆவணமின்றி வந்தமைக்காகத் தண்டிக்கப்படார். வரவேற்கிறோம். ஆனால் தண்டனையினின்று விலக்களிப்பது வேறு, குடிமகனாக ஏற்பது வேறு. ‘உன்னைச் சிறையிலிடமாட்டேன்’ என்பதை விருந்தோம்பல் என்று எவரும் கொள்ளார்.

இனி, மறுப்போர் கூறும் வாதங்களைப் பார்ப்போம்.

‘இந்தியா ஒரு தர்மசத்திரமன்று’ என்னும் பொருள்பட 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்திலேயே ஒரு கருத்து எழுந்தது. சத்திரம் என்பது யாது? வழிப்போக்கன் சிலநாள் தங்கி இளைப்பாறிச் செல்லும் இடம். நாற்பதாண்டுகளாக ஒரு மக்கட் கூட்டத்தை வழிப்போக்கராகவே வைத்திருப்பதுதான் நாட்டைச் சத்திரமாக்குகிறது. சத்திரத்தை மூடிவிட்டு வீட்டுக் கதவைத் திறவுங்கள் என்பதே நம் வேண்டுகோளும்.

‘இவர்கள் இங்கே குடிமக்களாகிவிட்டால் ஈழத்திலே தமிழர் உரிமை நலியும்’ என்பர் வேறு சிலர். இவ்வாதம் தமிழ்ப் பற்றின் உடையில் வருவதால் நம்மவர் பலர் மயங்கிவிடுகின்றனர். அதே ஊரினின்று அதே ஆண்டுகளில் கனடாவுக்குப் போனவர் அந்நாட்டின் குடிமக்களாயினர். 1983இல் சிறுவனாகக் கனடா புகுந்த கரி ஆனந்தசங்கரி 2015இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்; பின்னர் அமைச்சருமானார். அதனால் ஈழத்தமிழர் உரிமை நலிந்ததென்று யாரேனும் கூறினரோ? தொரந்தோவில் இருப்பவன் குடிமகனாகலாம், மண்டபத்தில் இருப்பவன் மட்டும் ஓர் இலட்சியத்திற்காகத் தகரக் கூரையின்கீழ்க் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நீதி? திரும்ப விரும்புவோர் மதிப்போடு திரும்பட்டும். அத்தேர்வு அவர்களுடையது, மேடையில் முழங்குவோருடையதன்று.

‘1991ஐ மறந்துவிட்டீர்களோ?’ என்பது மூன்றாவது வாதம். அப்பெருங்கொடுமையை யாரும் மறக்கவில்லை. குற்றம் செய்தோரைச் சட்டம் விசாரித்தது, தண்டித்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளையின்மீதும் அப்பழியை ஏற்றுவது எந்த நூல் கூறும் முறை? ஆண்டுக்கணக்காகப் பெயரும் படமும் பதிந்து, வருகை எடுத்து, காவல்துறை கண்காணித்துவரும் இம்மக்களைவிட அரசு நன்கறிந்த மக்கள் இந்நாட்டில் வேறு யாருளர்?

முகாம்களில் இருப்போருள் மலையகத் தமிழரும் உளர் என்பதைப் பலர் அறியார். அவர்தம் முன்னோர் ஆங்கிலேயர் ஆட்சியில் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறீமாவோவும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். இருவர் ஆட்டுமந்தையைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்ட அக்கணக்கிலும் இடம் கிட்டாமல், கலவரத்தில் ஓடிவந்தோர் இங்கே அயலாராயினர். இத்தகையோரின் கோரிக்கையை ஆராயுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

தலைநகரத் தமிழர்களாகிய நாம் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டா. லாஜ்பத் நகரும் ராஜேந்திர நகரும் யார் குடியிருக்க எழுந்தவை? பிரிவினையில் யாவும் இழந்து வந்தவர்களுக்காக அல்லவா? அவர்களை நம் அரசியற் சட்டம் எவ்வாறு ஏற்றது? அவரோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ பிரிவுபடாத இந்தியாவிற் பிறந்திருத்தல் போதும் என்றது. 1948 ஜூலை 19க்கு முன் வந்து இங்கேயே வாழ்ந்தோர் தாமே குடிமக்களாயினர். பின்னர் வந்தோர் ஆறு திங்கள் வாசத்தின்பின் பதிந்துகொண்டனர். பாட்டன் பிறந்த மண் என்னும் அதே அளவுகோலால் அளந்தால், மலையகத் தமிழருட் பலர் என்றோ குடிமக்களாகியிருப்பர். பஞ்சாபிக்கு ஆறு திங்கள், தமிழனுக்கு நாற்பதாண்டு என்பது எவ்வகைத் தராசு?

பிற நாடுகளிலும் இத்தகைய காத்திருப்பு இருந்ததுண்டு. அமெரிக்காவில் அடைக்கலம் பெற்றவர் ஓராண்டு கழிந்ததும் நிரந்தர வாசத்திற்கு விண்ணப்பிக்கலாம். எனினும் ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கே வழங்கலாம் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியதால், வரிசை பல்லாண்டுகள் நீண்டது. 2005இல் இன்னொரு சட்டம் அவ்வரம்பை நீக்கியது. காத்திருப்பு விதியின் விளைவன்று. சட்டத்தால் ஆக்கப்படுவது, சட்டத்தாலேயே நீக்கப்படக்கூடியது.

இது நமக்கென்ன என்று எண்ண வேண்டா. நாமும் பிறந்த ஊர் விட்டு வந்தவர்களே. 1960களின் பிற்பகுதியில் பம்பாயிலே தென்னாட்டாரை வெளியேறச் சொல்லிக் குரல் எழுந்தபோது, அங்கே நம்மவர் காலூன்றி நிற்க உதவியது எது? நாட்டின் எப்பகுதியிலும் வாழும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்னும் அரசியற் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு. அவ்வொரு சொல் இல்லையெனில் நம் உழைப்பும் படிப்பும் நம்மைக் காத்திரா. அச்சொல்லின் அருமையை நம்மினும் நன்கறிந்தோர் யார்?

ஆகவே சங்கங்கள் கேட்க வேண்டியவை தெளிவானவை. இலங்கைத் தமிழ் ஏதிலியர்மீதுள்ள சட்டவிரோதக் குடியேறி என்னும் பெயரை நீக்குக. இம்மண்ணிற் பிறந்த அவர்தம் மக்களைக் குடிமக்களாகப் பதிக. மலையகத்தார் கோரிக்கைகளைக் காலவரையறை வைத்து முடிக்க. அடைக்கலம் தந்தபின் இத்தனை ஆண்டுக்குள் நிலையான உரிமை என்று வரையறுக்கும் சட்டம் ஒன்றை இந்நாடு இயற்றுக. நாடாளுமன்றம் நாம் வாழும் இவ்வூரிலேயே இருக்கிறது. விழாவிற்கு அமைச்சர்களை அழைத்து மாலை சூட்டும் நம் சங்கங்கள், அடுத்த மாலையோடு இம்மனுவையும் அவர்தம் கையில் வைக்கட்டும்.