ஓடுகிற யந்திரத்தைக் குப்பை என்று சொல்ல இவர்கள் யார்?

பஞ்சாலைத் தோழர்களிடம் ஒரு கேள்வி. தறியில் ஷட்டில் தேய்ந்தால் என்ன செய்வீர்கள்? ஷட்டிலை மாற்றுவீர்கள். பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மாற்றுவீர்கள். "ஷட்டில் தேய்ந்துவிட்டது, தறியையே பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போடு" என்று ஒரு மேஸ்திரி சொன்னால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா? வயலில் பாடுபடும் தோழர்களும் அப்படித்தான். மண்வெட்டிக் காம்பு உடைந்தால் புதுக் காம்பு போடுகிறோம். மண்வெட்டியைத் தூக்கி எறிவதில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்த வேடிக்கைதான் இன்று உலகம் முழுவதும் நடக்கிறது.

2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10க்கு இனி வழக்கம்போல் பழுது பார்ப்பதில்லை என்று 2025 அக்டோபர் 14ஆம் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி கையை உதறிவிட்டது. பழுது பார்ப்பது என்றால் என்ன? திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை அவ்வப்போது அடைத்துக் கொடுப்பது. அது நின்றுபோனால், பாங்கிக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் கதவில்லாத வீடுதான். தனியாகப் பதிவு செய்துகொள்வோருக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் என்று ஒரு சலுகை. மற்றபடி "விண்டோஸ் 11க்கு மாறுங்கள்" என்கிறார்கள். மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். இன்டெல் பிராசசர் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் வந்ததாக, அதாவது 2017க்குப் பிந்தியதாக இருக்க வேண்டுமாம். இல்லையா? புது யந்திரம் வாங்கு!

இந்த ஒரு முடிவால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணக்குப் போட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஓடாத யந்திரங்கள் அல்ல, தோழர்களே! ஓடுகிற யந்திரங்கள்.

கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், மடுகரை, பாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் எந்தக் கூலிக்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது? மகனோ மகளோ காலேஜில் படிக்கும் வீட்டில் இருக்கிறது. சர்க்கார் கொடுத்த லாப்டாப்பாக இருக்கும். அல்லது டவுனில் செகண்ட் ஹாண்டில் வாங்கியதாக இருக்கும். "இது பழசம்மா, புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொல்லிவிட்டால் அந்தத் தாய் எங்கே போவாள்? குழுக் கடனுக்குத்தான் போவாள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்பது நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்கு எத்தனை நாள் கூலி? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடனுக்குப் போகுமுன் வேறொரு வழியைப் பார்க்க வேண்டும். அதன் பெயர் லினக்ஸ்.

பிரிண்டரில் பிறந்த போராட்டம்

விண்டோஸ் செய்கிற வேலையைச் செய்யும் மற்றொரு இயக்குதளம் லினக்ஸ். அதற்கு விலை இல்லை. அது எப்படி எழுதப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் மையப் பகுதியை எழுதினார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற பெயரில் இந்த வேலையை அறிவித்துவிட்டார்.

ஸ்டால்மனை இதில் இறக்கியது எது தெரியுமா? ஒரு பிரிண்டர்! அவர் வேலை பார்த்த எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். முந்திய பிரிண்டரில், சிக்கல் வந்தால் உடனே எல்லோருக்கும் தகவல் போகும்படி அவரே நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அதைச் செய்ய நிரல் வேண்டும். அதை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார். "தர மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டேன்" என்று பதில் வந்தது. யந்திரம் கூடத்தில் இருக்கிறது. அதன் சாவி கம்பெனியில் இருக்கிறது! இன்றைக்கும் சண்டை இந்தச் சாவியைப் பற்றியதுதான்.

எதை மாற்றுவது?

முதலில் லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பதை அழிக்க வேண்டியதில்லை. வைபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா? எல்லாம் பார்த்த பிறகு, பிள்ளைகளின் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு நிறுவலாம்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். பழைய லாப்டாப் ஆமை போல் நகர்வதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலுகிற ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் அதே யந்திரம் ஓட ஆரம்பிக்கும். பிறகு ரேம். எக்ஸ்.எப்.சி.இ. போன்ற எளிய திரையமைப்பு உள்ள லினக்ஸுக்கு 4 ஜி.பி. போதும்; பிரௌசரில் பல பக்கங்களைத் திறந்து வைப்பவர்களுக்கு 8 ஜி.பி. நல்லது. டி.டி.ஆர்.3 போட்ட யந்திரத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சில மெல்லிய லாப்டாப்புகளில் ரேமைப் போர்டோடு ஈயம் வைத்துப் பற்றிவிடுகிறார்கள். அதை நம்மால் மாற்ற முடியாது. அதனால்தான் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

வெளியே மாட்டும் சாமான்களில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். விலை மலிவு என்று ஒரு வைபை டாங்கிளையோ பிரிண்டரையோ வாங்கிவிட்டு, லினக்ஸில் அது வேலை செய்யாமல் திண்டாடுவோர் உண்டு. குற்றம் லினக்ஸுடையதல்ல. சாமானைச் செய்த கம்பெனி அதை இயக்கும் நிரலை, அதாவது டிரைவரை, விண்டோஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. எச்.பி. கம்பெனி தன் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவரைத் திறந்தே வெளியிடுகிறது. சில மாடல்களுக்கு மட்டும் மூடிய துணை நிரல் ஒன்றும் வேண்டியிருக்கிறது. ஆகவே மாடல் எண்ணைச் சொல்லி, "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

கேட்டால் அசைவார்களா? அசைந்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா ஒத்துழைப்பதில்லை என்று டோர்வால்ட்ஸ் 2012இல் பகிரங்கமாகத் திட்டினார். 2022 மே மாதம் அந்தக் கம்பெனி தன் லினக்ஸ் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது.

நமக்கு ஏன் ரேம் இல்லை?

இன்னொரு கொள்ளையையும் பாருங்கள். 2025 பிற்பகுதியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதே காரணம். உலக உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளின் கையில். சாதாரண ஜனங்களுக்கு குரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்ற வியாபாரத்தை விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இதே மைக்ரான் குஜராத்தின் சனந்தில் அமைக்கும் ஆலைக்கு, திட்டச் செலவில் பாதியை மத்திய சர்க்காரும் ஐந்தில் ஒரு பங்கை குஜராத் சர்க்காரும் தருவதாக 2023இல் அறிவித்தார்கள். நூற்றுக்கு எழுபது ஜனங்களின் பணம்! கூலிக்காரரின் மகளுக்கு ஒரு ரேம் வாங்கப்போனால் விலை எட்டாது!

எனவே கெட்டுப்போன லாப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள். அதன் ரேமைக் கழற்றி வையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.

லினக்ஸால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்லவில்லை. டாலியில் கணக்கு எழுதுவோருக்கும், விண்டோஸில் மட்டும் ஓடும் சில விரல்ரேகைக் கருவிகளை வைத்திருப்போருக்கும் சிரமம் உண்டு. ஆனால் படிக்க, எழுத, தமிழில் தட்டச்சு செய்ய, விண்ணப்பம் போட, நிரல் எழுதக் கற்க, இது தாராளமாகப் போதும்.

சர்க்கார் என்ன செய்ய வேண்டும்?

2011இல் தமிழ்நாட்டு சர்க்கார் மாணவர்களுக்கு லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, பல யந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? காட்டிக்கொடுக்க ஆள் வேண்டாமா? கேரளம் அந்த ஆளைத் தயார் செய்தது. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்துக்கு ஏற்ற லினக்ஸைச் சர்க்கார் நிறுவனமே தயாரித்து, பள்ளிக் கம்ப்யூட்டர்களை அதில் ஓட்டுகிறார்கள்.

நமது புதுச்சேரியிலும் இதைச் சொல்லிக்கொடுக்க கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். சர்க்கார் செய்ய வேண்டியவை நான்கு. பொதுப் பணத்தில் வாங்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ரேம், டிஸ்க், பாட்டரி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டு என்பதை டெண்டரிலேயே எழுத வேண்டும். ஐ.டி.ஐ.களில் பழுது பார்க்கும் கூடம் திறந்து, கிராமத்துப் பிள்ளைகளின் யந்திரங்களை அங்கே சரி செய்து கொடுக்க வேண்டும். ஆபீசுகளில் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, லினக்ஸ் போட்டுக் கிராம நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும்.

தோழர்களே! யந்திரத்தின் ஆயுளை அதை ஓட்டுகிறவன் தீர்மானிக்க வேண்டும். விற்கிறவன் தீர்மானிக்கக் கூடாது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன், வீட்டிலிருக்கும் லாப்டாப்பை ஒரு முறை திறந்து பாருங்கள்.