தீர்வை வாங்கினால் பேருந்தும் விட வேண்டும்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 1,50,000 ருப்பியா, அதாவது இந்தியப் பணத்தில் ஏறத்தாழ 800 ரூபாய், சுற்றுலாத் தீர்வையாகச் செலுத்த வேண்டும் என்ற விதி 2024 பிப்ரவரி 14 முதல் நடப்பில் இருக்கிறது. பண்பாட்டையும் இயற்கைச் சூழலையும் காப்பதற்கென்று வாங்கப்படும் இந்தப் பணத்தைக் கட்டிவிட்டு நுரா ராய் விமான நிலையத்தின் வாசலுக்கு வருபவர், அடுத்த நிமிடமே டாக்சி பேரத்திலோ வாடகை ஸ்கூட்டரிலோ போய் விழுகிறார். ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டினரை வரவேற்கும் மாகாண அரசு, தீர்வை வருவாயில் ஒரு பங்கைப் பேருந்துக்கென்றே ஒதுக்கி, தீர்வை கட்டிய ரசீதையே பயணச்சீட்டாகவும் ஏற்பதுதான் முறை.

நெரிசல் தீவு முழுவதற்கும் பொதுவானதன்று. கூட்டா, செமின்யாக், சாங்கு, சானூர், நுசா துவா ஆகிய கடற்கரை ஊர்கள் செறிந்திருக்கும் தென்பகுதியிலேயே அது கட்டிக்கொண்டு நிற்கிறது. விமான நிலையத்திலிருந்து உபுட் நகரம் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான் என்றாலும், மாலை வேளையில் அதைக் கடக்க இரண்டு மணி நேரம்கூட ஆகிவிடுகிறது. சாங்குவில் வயல்களுக்கு நடுவே செல்லும் புகழ்பெற்ற குறுக்குவழி, எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று சேற்றில் இறங்கிவிடும் அளவுக்குக் குறுகலானது. அப்படி நெல்வயலில் கவிழ்ந்து கிடக்கும் கார்களின் படங்கள் உள்ளூர்க்காரருக்கு அலுத்துப்போன வேடிக்கை. 2013இல் கடல்மேல் கட்டப்பட்ட 12.7 கிலோமீட்டர் சுங்கச்சாலை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. 2023 டிசம்பர் இறுதியில், விமானத்தைத் தவறவிடக் கூடாதென்று பயணிகள் அதே சாலையில் காரைவிட்டு இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

சாலையை அகலப்படுத்தவும் இங்கே பெரிதாக இடமில்லை. ஒருபுறம், சுபாக் எனப்படும் உழவர் பாசனச் சங்கங்கள் நீர் பங்கிடும் வயல்கள். மறுபுறம், தெருவை ஒட்டியே எழுந்து நிற்கும் கோயில் மதில்களும் குடும்ப வழிபாட்டிடங்களும். ஊர்வலம் வரும் நாளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிய பெச்சலாங், அதாவது ஊர்க் காவலர், சாலையை மறித்து வண்டிகளை நிறுத்துகிறார். தீவினர் அதைப் பொறுமையோடு ஏற்கிறார்கள், ஏற்கவும் வேண்டும். ஆக, சாலை பெருகாது என்றால், அதே சாலையில் குறைந்த வண்டிகளைக் கொண்டு அதிகம் பேரை ஏற்றிச் செல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அந்த வழியைப் பாலி அறியாததும் அல்ல. பெமோ என்ற சிறு வேன்கள் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் ஓடின. ஸ்கூட்டர் வீட்டுக்கு வீடு வந்தபின் அவை தேய்ந்தன. 2011இல் டென்பசாரையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் இணைக்கும் டிரான்ஸ் சர்பகித்தா பேருந்துகளும், 2020இல் டிரான்ஸ் மெட்ரோ தேவாத்தா பேருந்துகளும் வந்தன. பின்னதன் கட்டணம் 4,400 ருப்பியா, நம் கணக்கில் 25 ரூபாய்கூட இல்லை. விமான நிலையத்துக்கும் உபுட்டுக்கும் அதில் தடங்கள் இருந்தன. ஆனால் மைய அரசின் மானியம் நின்றதும் 2025 ஜனவரி 1 அன்று அத்தனை பேருந்துகளும் ஒரே நாளில் நின்றுபோயின. மாகாணமும் மாவட்டங்களும் செலவைப் பகிர்ந்துகொண்ட பிறகு, ஏப்ரலில்தான் மீண்டும் ஓடத் தொடங்கின. இந்தச் சேவையில் நடத்துநரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்க முடியாது என்பதால், மின்பண அட்டையைத் தேடிக் கடைக்குப் போவதற்குள் புதிதாக வந்தவர் டாக்சியில் ஏறிவிடுவார்.

தீர்வை ரசீது பயணிகளின் கைபேசியில் ஏற்கெனவே கியூஆர் குறியீடாக இருக்கிறது. அதைப் பேருந்தில் காட்டினால் போதும் என்றாக்குவது கடினமான காரியமன்று. 2024இல் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கே தீர்வை கட்டினார்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். கையில் உடனடிப் பயன் ஒன்று கிடைக்குமானால், கட்டாமல் நழுவுவோரின் எண்ணிக்கை தானே குறையும்.

பேருந்தைப் பெருக்காமல் ஸ்கூட்டரைத் தடுப்பது தலைகீழான வேலை. வெளிநாட்டினருக்கு இருசக்கர வாகனம் வாடகைக்கு விடக் கூடாதென்று 2023 மார்ச்சில் ஆளுநர் வயான் கோஸ்டர் முன்வைத்த யோசனை அந்த வகையானது. உரிமமும் தலைக்கவசமும் இல்லாமல் ஓட்டுபவர்களைத் தண்டிப்பது சரியே. காருக்கு மட்டும் உரிமம் பெற்றவர் ஸ்கூட்டரில் விழுந்து அடிபட்டால் பயணக் காப்பீடும் கைவிரித்துவிடும் என்பதை, ஆஸ்திரேலியருக்கு அடுத்தபடியாக அங்கே அதிக எண்ணிக்கையில் செல்லும் இந்தியர்களும் அறிந்திருப்பது நல்லது. ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாத இடத்தில் தடை போட்டால், ஸ்கூட்டரில் போனவர் காருக்கு மாறுவார், நெரிசல் கூடும்.

பேருந்துக்கு உள்ளூர் ஓட்டுநர்களிடமிருந்து வரக்கூடிய எதிர்ப்பு கனமானது, எளிதில் ஒதுக்கிவிடத் தக்கதுமன்று. கிராப், கோஜெக் போன்ற செயலி வண்டிகள் பயணிகளை இறக்கிவிடலாம், ஏற்றக் கூடாது என்று பல ஊர்களில் பலகை நடப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் ஓட்டுநர்கள் திரண்டு, சுற்றுலா வண்டி ஓட்டுபவர் பாலி அடையாள அட்டை உடையவராக இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். விலைவாசி ஏறும் தீவில் பிழைப்பைக் காக்க நினைப்பதில் தவறில்லை. ஆனால் பயணியைச் சிறைப்பிடித்துக் கூலி கேட்கும் ஏற்பாடு நெடுநாள் நிற்காது. பெருஞ்சாலை வரை பேருந்தும், அங்கிருந்து சந்துக்குள் இருக்கும் விடுதி வரை அந்தந்த ஊர் ஓட்டுநர் கூட்டமைப்பின் சிறு வண்டியும் என்று வேலையைப் பிரித்து, பிந்தைய பயணத்துக்கு நிலையான கட்டணமும் தீர்வையிலிருந்து உதவித்தொகையும் தந்தால், இழப்பு ஓட்டுநர் தலையில் விழாது.

2024 செப்டம்பரில் கூட்டாவில் சுரங்க ரயிலுக்குப் பூமிபூசை போடப்பட்டது. தனியார் முதலீட்டை நம்பியிருக்கும் அத்திட்டம் நிறைவேறினால் நல்லதே. அதுவரை பேருந்தைக் காக்க வைக்க முடியாது. தீர்வைப் பணம் பண்பாட்டுக்கு மட்டுமே உரியது என்று வாதிடுவோர், ஹாரன் ஒலிக்கு நடுவே திணறி நகரும் கோயில் ஊர்வலங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். ஒதுக்கீட்டின் அளவு ஆண்டுதோறும் பேரம் பேசப்படாமல் தீர்வைக்கான மாகாண ஒழுங்குவிதியிலேயே எழுதப்பட வேண்டும். இல்லையேல் எந்த ஜனவரியிலும் பேருந்துகள் மறுபடி பணிமனைக்குத் திரும்பிவிடக்கூடும்.