கடவுச்சீட்டின் இறுதித் திங்கள்கள்

கடவுச்சீட்டில் அச்சிட்ட முடிவு நாள்வரை அயல்நாடு செல்லலாம் என்பது பலர் எண்ணம். அது முற்றும் மெய்யன்று. சிங்கப்பூரும் மலேசியாவும், தம் எல்லையுட் புகும் நாளில் அச்சீட்டு இன்னும் 6 திங்களேனும் செல்லத்தக்கதாதல் வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ, மீளும் நாளுக்குமேல் 3 திங்கள் கேட்கின்றன.

நோய் முதலியவற்றால் பயணி தங்க நேரின், அவரைத் திருப்பியனுப்பச் சீட்டு வேண்டுமன்றோ? ஆதலின் விதியை யாம் குறைகூறேம். ஆயினும், அதனை அறியாத எளியோர் விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டுக் கட்டணமும் வேலையும் இழத்தல் கொடிது. பயணச்சீட்டு விற்போர் பணம் பெறுமுன் இதனை எடுத்துரைத்தல் சட்டமாக வேண்டும் என்பதே எம் கருத்து.

மாணவ நண்பர்காள்! நம் நாட்டில், முடிவு நாளுக்கு ஓராண்டு முன்னரே புதுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிழைப்புத் தேடிக் கடல் கடப்போர்க்கு அந்நாளைப் பார்த்துச் சொல்லுதல் கற்றோர் கடனாம்.