ஜீப் இறங்கும் நேரத்துக்கு ஊசி வரட்டும்!



விடியுமுன்னே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. ஏலக்காய் எடுக்க நம் பெண்கள் இடுக்கி மலைக்குப் போனால், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன்கிழமை, அதுவும் பகலில். பிள்ளையின் ஊசிக்காக நின்றால் அன்றைய கூலி போச்சு. முத்தடுப்பு ஊசியால் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் கண்டால் மறுநாள் கூலியும் போச்சு. இதற்குப் பெயர் தாயின் அலட்சியமாம்!

ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி எப்படியோ நடந்துவிடும். ஒன்றரை வயதில் போடும் இரண்டாவதுதான் நழுவும். வீட்டுக்கு வீடு தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள்: மேலே வரிசையாகத் தேதிகள், கீழே அந்தக் கட்டம் மட்டும் காலி. தடுப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் தட்டம்மைக்காரரின் அருகே இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டால்தான் அது பரவாது. வேப்பிலை செருகுகிறவர்கள் செருகட்டும், சண்டை வேண்டாம், ஊசியும் போடட்டும்.

2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கொரோனா தடுப்பூசிக்குக் காப்புரிமை விலக்குக் கேட்டன. ஏழை நாடுகள் காத்துக் கிடந்ததைக் கண்டு கொதித்தோம். இங்கே தட்டம்மை மருந்து இலவசம், குளிர்பெட்டியில் தயாராக இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் சேர்க்க நம்மால் முடியாதா? போலியோவுக்குப் பேருந்து நிலையத்திலும் சோதனைச் சாவடியிலும் நின்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி தலைகாட்டவில்லை.

2017இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப் வதந்தி பரவி, அரசு முகாமின் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்ததை யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். நர்சம்மாவைக் கூட்டிப்போய் உட்கார்ந்து பேசுங்கள்.

கலக்கிய மருந்துக் குப்பியை நாலு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். பிள்ளைகள் ஒரே நேரத்தில் கூடினால் வீணாகாது. ஆகவே காலிக் கட்டம் உள்ள பிள்ளைகளைத் தெருவாரியாக எழுதுங்கள். பட்டியலோடு வட்டார மருத்துவ அலுவலரிடம் போவோம். ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய பால்வாடியில் மாலை முகாம் கேட்போம். ஊசி நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதை எஸ்டேட் கூலிப் பேச்சில் முதல் கோரிக்கையாக வைப்போம். வருகிற புதனுக்குள் பட்டியல் சங்க அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும். கிளம்புங்கள்!