நோட்டு தாமதமானால் மதிப்பெண் குறைய வேண்டுமா?

“நோட்டை லேட்டாக வைத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பேன்.” திருவண்ணாமலையில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மிரட்டல் புதிதல்ல. அந்த இன்டர்னல் மார்க் எப்படிப் போடப்படுகிறது என்பதுதான் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ பாடம் ஒவ்வொன்றுக்கும் அகமதிப்பீடு 10 மதிப்பெண். வருகைக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் ஆகியவற்றுக்கு 2, இணைச்செயல்பாடுகளுக்கு 2. தேர்வுக்குரிய நான்கும் சிறந்த மூன்று தேர்வுகளின் சராசரியிலிருந்து வருகிறது. ஒன்றில் சறுக்கினால் அடுத்ததில் எழுந்துகொள்ளலாம் என்பது விதியிலேயே இருக்கிறது. தாமதத்துக்கென்று தனித் தலைப்பு ஏதும் அதில் இல்லை.

பத்துதானே என்று விட்டுவிடவும் முடியாது. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90க்கு. தேர்ச்சிக்கு அதில் குறைந்தது 25 வேண்டும், மொத்தம் 35 வர வேண்டும். எழுத்தில் சரியாக 25 எடுத்தவர் கரையேற அகமதிப்பீட்டின் பத்தும் முழுதாகத் தேவை. எட்டு கிடைத்தால் மொத்தம் 33, தேர்ச்சி இல்லை. தொண்ணூறு வாங்குபவருக்கு உறைக்கவே உறைக்காத இரண்டு மதிப்பெண் இது.

தாமதமாகத் தருபவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் பெற்றோரோடு கடையில் நிற்கும் பிள்ளை மறுநாள் காலை நோட்டோடு வருவது சிரமம். (ஊர் சுற்றிவிட்டுக் கிரிவலக் கூட்டத்தைக் காரணம் சொல்பவரும் உண்டு, ஆசிரியருக்கு ஆள் தெரியும்.) 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, ஐந்து பிள்ளைகள் உட்பட ஏழு பேர் இந்த ஊரில் மாண்டார்கள். அந்த மழை வெள்ளத்தால் அரையாண்டுத் தேர்வை நடத்த முடியாத பள்ளிகள் ஜனவரியில் வைத்துக்கொள்ள அரசு வழிவிட்டது. பல மாவட்டங்களுக்கு நேர்ந்தால் தேதி நகர்கிறது, ஒரு வீட்டுக்கு நேர்ந்தால் மதிப்பெண் குறைகிறது. இது நியாயமில்லை.

மறுதேர்வு என்று பொதுவாகச் சொல்வதிலும் குழப்பம் இருக்கிறது. மறுகூட்டல் என்பது போட்ட மதிப்பெண்ணைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது. மறுமதிப்பீடு, விடைத்தாளையே மீண்டும் திருத்துவது. துணைத்தேர்வு தேர்ச்சி பெறாதவரும் தேர்வுக்கு வராதவரும் எழுதுவது. சிபிஎஸ்இ இன்னும் ஒரு படி போய், 2026 முதல் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவரும் மூன்று பாடம் வரை இரண்டாம் முறை எழுதலாம், கூடுதலாக வந்த மதிப்பெண்ணே நிற்கும் என்கிறது. ஆனால் அங்கும் அகமதிப்பீடு ஒரே தடவைதான்.

“சொன்ன நாளில் கொடுத்தவனுக்கு என்ன மரியாதை?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேரம் தவறியதைப் பதிவேட்டில் எழுதுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள், மாலையில் உட்காரவைத்து முடிக்கச் செய்யுங்கள். தெரிந்த பாடத்தைத் தெரியாததாகக் கணக்கில் காட்டாதீர்கள். வகுப்பு முழுவதன் நோட்டையும் திருத்தும் ஆசிரியருக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதால் கடைசித் தேதி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தவறிய பகுதியைத் திரும்ப நடத்திவிட்டு மறுதேர்வு வையுங்கள். நடத்தாமல் வைத்தால் பழைய மதிப்பெண்தான் திரும்ப வரும்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.