'ஷூ-இன்' வெற்றி

ஒருவர் வெல்வது உறுதி என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஷூ-இன்' என்றொரு வழக்கு உண்டு. 'பேச்சுப் போட்டியில் அவள் ஷூ-இன்' என்றால் பரிசு அவளுக்கே என்று பொருள். இதில் வரும் 'ஷூ'வைக் காலில் அணியும் ஷூ என்று எண்ணி, கடைசி எழுத்து 'ஓ'வுக்குப் பதில் 'ஈ' போட்டு எழுதுவோர் பலர். நானும் அப்படி எழுதிச் சிவப்பு மையில் வட்டம் வாங்கியவள்தான். உண்மையில் அது, கோழியை விரட்ட நாம் 'சூ, சூ' என்கிறோமே, அந்த ஒலி!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் பிறந்தது இச்சொல். குதிரை ஓட்டுபவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு தம் குதிரைகளை இழுத்துப் பிடிப்பார்கள். ஒரு குதிரையை மட்டும் முன்னே விரட்டி விடுவார்கள். அது தன் திறமையால் வென்றதன்று. சூதில் பிறந்த சொல் இன்று பாராட்டாகிவிட்டது. அதில் குற்றமில்லை, ஆயினும் பழைய வாடை முற்றிலும் போகவில்லை என்பேன். ஒருத்தியை 'ஷூ-இன்' என்று நாம் முடிவு கட்டும்போது, மற்றவர்கள் தாமாகவே கடிவாளத்தை இழுத்துக்கொள்கிறார்கள் அல்லவா?

அந்த முடிவும் எப்போதும் பலிப்பதில்லை. 1948-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் டூயி வெல்வார் என்றே எல்லாரும் நம்பினர். 'சிகாகோ டெய்லி டிரிபியூன்' பத்திரிகை, வாக்குகளை எண்ணி முடிப்பதற்குள் 'டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று தலைப்புச் செய்தியே அச்சிட்டுவிட்டது. வென்றவரோ ட்ரூமன்! அப்பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

நான் ட்ரூமன் அல்லள். சென்ற ஆண்டு கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். "அவள் எழுதுகிறாளே, உனக்கு எதற்கு வீண் சிரமம்?" என்று தோழியர் கூறவே, பெயரை அடித்துவிட்டேன். அவளே பரிசு பெற்றாள். பல நாள் கழித்து, மாதா கெபி அருகே அவள் என்னிடம் சொன்னாள்: "நீங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, முந்தின இரவு எனக்குத் தூக்கமே இல்லையடி. தோற்றால் எந்த முகத்தோடு வகுப்புக்கு வருவது? பரிசு வாங்கியும் சந்தோஷம் இல்லை. எழுதியதே மூன்று பேர்தானே!"

இவ்வாண்டுப் பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் இருக்கின்றன. பரிசு அவளுக்குத்தான் என்று இப்போதும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் பேனாவுக்கு மை நிரப்பி வைத்துவிட்டேன்.

– பத்தாம் வகுப்பு மாணவி