எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்?



முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்கும் காலம் வந்துவிட்டால் எமது கரையோர ஊர்களில் வேறு பேச்சே இல்லை. கல்யாண வீட்டிலும் அதுதான், மையித்து வீட்டிலும் அதுதான். எந்தப் பாடசாலையில் எத்தனை ஒன்பது ஏ, புலமைப்பரிசிலில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். சென்ற மாதம் ஒரு சகோதரி கேட்டார்: "மௌலவி, வீட்டுக்குக் கிட்டவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா பெயரான பள்ளிக்கூடம் ரெண்டு கட்டைக்கு அங்கால. சாச்சிட வீடு அதுக்குப் பக்கத்தில. அந்த விலாசத்தக் குடுத்தா என்ன? புள்ளட படிப்புக்குத்தானே?"

பதில் சொல்லுமுன், நான் வெல்லாவெளிக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன்.

என்னோடு ஆசிரியர் பயிற்சி பெற்ற தமிழ் நண்பர் ஒருவர் அங்கே கற்பிக்கிறார். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. பழுகாமம், மண்டூர், வெல்லாவெளி என்று ஊர்கள் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். நிருவாகத்தில் எல்லாம் பட்டிருப்புக் கல்வி வலயம்தான். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு உலகம், அந்தப் பக்கம் இன்னொரு உலகம். 2007வரை போர் அந்தக் கரையில் இருந்தது. யானைத் தொல்லை இன்றும் தீரவில்லை. விடிய யானை நின்ற பாதையில்தான் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள்.

அங்குள்ள தாய்மாரும் பாடசாலைகளை ஒப்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி வேறு. "எந்தப் பள்ளிக்கூடத்தில கணக்கு ரீச்சர் இருக்கா? வருஷம் முடியுமட்டும் நிப்பாவா?" ஒன்பது ஏ பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நண்பர் ஒரு மாணவனைக் காட்டினார். ஆறாம் தரத்துக்கு வந்தபோது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவன். தகப்பன் வயல் கூலி. பாடசாலை விட்ட பிறகும் நண்பர் அவனை இருத்தி இரண்டு வருடம் வாசிக்கப் பழக்கியிருக்கிறார். இப்போது அவன் வீட்டில் கடிதம் வந்தால் அவன்தான் வாசிக்கிறான். இதற்கு எந்தப் பெறுபேற்றுப் பலகையில் இடம் இருக்கிறது?

சற்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளை ஆறாம் தரத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் பாடசாலை, பதினோராம் தரத்தில் நல்ல பெறுபேறு காட்டுவதில் ஆச்சரியம் என்ன? அதில் பாடசாலையின் உழைப்பு எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்தது எவ்வளவு, பின்நேர டியூஷன் எவ்வளவு? 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980முதல் பாடப்புத்தகமும் இலவசம். வெல்லாவெளிப் பிள்ளையின் கையிலும் உங்கள் பிள்ளையின் கையிலும் இருப்பது ஒரே புத்தகம், எழுதப்போவது ஒரே பரீட்சை. வித்தியாசம், வகுப்பில் யார் நிற்கிறார் என்பதில்தான்.

1ஏபி, 1சி, வகை இரண்டு, வகை மூன்று என்ற தரம்பிரிப்பும் பலரை மயக்குகிறது. அது எந்த வகுப்புவரை இருக்கிறது, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறதா என்பதைச் சொல்லும் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு உயர்தர ஆய்வுகூடம் எதற்கு? அதற்குத் தேவை பொறுமையான ஒரு ஆசிரியையும் தண்ணீர் வரும் கழிவறையும்தான்.

இனி விலாசத்துக்கு வருவோம். முதலாம் தர அனுமதியில் பெருமளவு இடம் கிட்டக் குடியிருப்போருக்கு. வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி, மின்சாரப் பட்டியல் எல்லாம் பார்ப்பார்கள். வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். சாச்சி வீட்டு விலாசம் இந்தக் கணக்கைப் புரட்டிவிடும். புரட்டினால் என்ன நடக்கும்? உண்மையில் அந்த ஒழுங்கையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைத் தாயின் பிள்ளை வெளியே நிற்கும். அந்தப் பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்; நிறுத்திவிடமாட்டார்களா என்று ஸஹாபாக்கள் எண்ணுமளவுக்குச் சொன்னார்கள். மற்றப் பாவங்களுக்கு இல்லாமல் இதற்கு ஏன் எழுந்து உட்கார்ந்தார்கள்? இதை நாம் இலேசாக எடுப்போம் என்பதால்தான் என்று உலமாக்கள் விளக்குவார்கள். எனது மூத்த மகளைச் சேர்க்கும்போது எனக்கும் இந்த ஆசை வந்ததுதான். விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் இடத்தில் கை நின்றுவிட்டது.

படுவான்கரைக்கு நியமனம் கிடைக்கும் எங்கள் வீட்டு ஆசிரியைகளுக்கும் ஒரு வார்த்தை. சுபஹோடு வீட்டை விட்டு, கைப்பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகும் கஷ்டம் எனக்குத் தெரியும். கஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது. உண்மையான காரணத்துக்கு இடமாற்றம் கேட்பது உங்கள் உரிமை. இல்லாத நோய்க்கு வைத்தியச் சான்றிதழ் எடுப்பது, சாச்சி வீட்டு விலாசத்தின் தங்கச்சிதான். "வருஷம் முடியுமட்டும் நிப்பாவா?" என்று அந்தத் தாய் கேட்பது உங்களைத்தான்.

கேள்வி கேட்ட சகோதரியிடம் ஒன்று சொன்னேன். முதலில் கிட்டிய பாடசாலைக்கு ஒரு திங்கட்கிழமை போங்கள். எத்தனை ஆசிரியர் நேரத்துக்கு வருகிறார்கள் என்று வாசலில் நின்று பாருங்கள். மூன்றாம் தரப் பிள்ளை ஒன்றிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

போயிருக்கிறார். பிள்ளை நன்றாக வாசித்ததாம். ஆனால் கழிவறையில் தண்ணீர் இல்லையாம். மகனை அங்கேயே பதிந்துவிட்டு, இன்னும் ஆறு தாய்மாரோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகப் போகிறாராம். தண்ணீர்த் தாங்கி என்ன விலை என்று இப்போது என்னிடம் விசாரிக்கிறார்.